சிக்னலில் சுடும் வண்டி

"அண்ணே, வண்டி ரொம்ப சூடாகுது" என்று போய் நின்றால், விவரமான மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுக்கமாட்டார். "ஓடுறப்பவா தம்பி, நிக்கிறப்பவா?" என்று கேட்பார். அடுத்த கேள்வி, "எந்தக் கால்ல சுடுது?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த அத்தியாயம் அந்த இரண்டு கேள்விகளின் விரிவுதான். வண்டிக்கு ஏறும் சூடு வேறு, நமக்கு ஏறும் சூடு வேறு. இன்ஜின் முழு நலத்தோடு இருக்கும்போதே தொடை வெந்துபோகலாம். காலில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே இன்ஜின் சீஸ் ஆகவும் செய்யலாம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கூலண்ட் மாற்ற வேண்டியவர் பேண்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார், பேண்ட் மாற்ற வேண்டியவர் கூலண்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

எங்கிருந்து வருகிறது இவ்வளவு சூடு?

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் கிடைக்கும். அதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மற்றதெல்லாம் வெப்பம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் ஒரு சாதாரண வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டர் எரிகிறது. குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கெய்சர் மூன்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் எவ்வளவு வெப்பம் வருமோ அவ்வளவு, உங்கள் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் உண்டாகிறது. ஓடும்போது அது தெரிவதில்லை. எதிர்க்காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நின்றால் எரியும் பெட்ரோல் குறைகிறதுதான். ஆனால் அள்ளிக்கொண்டு போக ஆளில்லை. அதுவரை இரும்பிலும் அலுமினியத்திலும் சேர்ந்திருந்த சூடு முழுக்க நின்ற இடத்திலேயே மேலே கிளம்புகிறது.

வெளியேறும் வெப்பத்தில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. இன்ஜினிலிருந்து வாயு வெளியே வரும் வாயிலில் அது 500 டிகிரி செல்சியசுக்கும் மேல். அதைச் சுமந்துகொண்டு இன்ஜினுக்கு முன்பக்கமாக வளைந்து இறங்கும் குழாயைத்தான் நம் ஊர் கடைகளில் பெண்ட் பைப் என்கிறார்கள். வண்டியிலேயே அதிகம் சுடும் வெளிப்புறப் பாகம் அதுதான். நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் அதன் மேற்பரப்பு 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டியிருக்கும். மீதி வெப்பம் இன்ஜின் சுவர் வழியாக ஃபின்களுக்கோ ரேடியேட்டருக்கோ போகிறது.

அங்கிருந்து அது உங்களிடம் வந்து சேர மூன்று வழிகள் உண்டு. சூடான பாகத்தைத் தொடுவது ஒன்று. சூடான காற்று காலில் வந்து மோதுவது இன்னொன்று. தொடாமலும் காற்று இல்லாமலும், எதிரே இருப்பதாலேயே கதிராகச் சுடுவது மூன்றாவது. ஓடும்போது முழங்காலுக்குக் கீழே சுட்டால் அநேகமாக அது ரேடியேட்டரோ இன்ஜினோ விடும் காற்று. நின்றதும் வலது கெண்டைக்கால் மட்டும் காந்தினால் அது பெண்ட் பைப்பின் கதிர்ச்சூடு. உட்தொடை சுட்டால் சிலிண்டர் தலையிலிருந்தோ இருக்கைக்கு அடியிலிருந்தோ மேலேறி வருகிறது. வழியைக் கண்டுபிடிக்காமல் காசு செலவழித்தால் பணம் போகும், சூடு போகாது.

தண்ணீர் ஓடும் வண்டி ஏன் அதிகம் சுடுகிறது?

கடையில் அடிக்கடி கேட்கும் புகார் இது. "லிக்விட் கூலிங்னு சொல்லித்தான் வாங்குனேன், பழைய ஸ்ப்ளெண்டரே தேவலை போலிருக்கு." நியாயமான ஆதங்கம்தான், ஆனால் கூலிங் என்று பெயர்ப்பலகையில் போட்டிருப்பது இன்ஜினுக்கு, உங்களுக்கு அல்ல. ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டியில் எரிவதே குறைவு. ஃபின்கள் அதை நாலாபக்கமும் மெதுவாக விட்டுவிடுகின்றன. 373 சி.சி. இன்ஜினோடு 2013-இல் இங்கே வந்த டியூக் 390 போன்ற வண்டியில் எரிவது பல மடங்கு. கூலண்ட் அத்தனை வெப்பத்தையும் திரட்டி முன்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. கூலண்ட் 100 டிகிரியை ஒட்டி வந்ததும் ஃபேன் சுற்றத் தொடங்கும். அந்த ஃபேன் தள்ளும் காற்று போகிற பாதையில் உங்கள் முழங்கால் இருக்கிறது. ஃபேன் சத்தம் கேட்டால் பதறவேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. போக்குவரத்து நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தும் ஃபேன் ஒருமுறைகூடச் சுற்றவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ராயல் என்ஃபீல்டின் 350, 650 வண்டிகள் நடுவழியைப் பிடித்தவை. காற்றோடு ஆயிலும் சேர்ந்து குளிர்விக்கிறது. அந்த நிறுவனம் லிக்விட் கூலிங்குக்கு வந்ததே 2023-இல் ஹிமாலயன் 450-இல்தான். பெரிய வி-ட்வின் வண்டிகளில் பின் சிலிண்டருக்குக் காற்றும் சரியாகப் போகாது, அது ஓட்டுகிறவரின் தொடையை ஒட்டியும் இருக்கும். ஹார்லி-டேவிட்சன் சில மாடல்களில் வண்டி நிற்கும்போது பின் சிலிண்டரின் வெடிப்பையே நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைக் கொடுத்தது இதற்காகத்தான். சிக்னலில் சத்தம் மாறி ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடினால் அது கோளாறில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 விதிகளும் ஒரு காரணம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவே 250, 300 டிகிரி சூடு வேண்டும். சீக்கிரம் சூடேறட்டும் என்று அதை இன்ஜினுக்கு அருகிலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். உள்ளே நடக்கும் வேதிவினையும் தன் பங்குக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதிது வாங்கியவர்கள் "முன்ன மாதிரி இல்ல, கால் காந்துது" என்று சொல்வது மனப்பிரமை இல்லை.

நெரிசலில் ஓட்டும் விதம்

வலது கால்தான் ஏன் எப்போதும் மாட்டிக்கொள்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நம் சாலையில் இடது ஓரம் பிடித்துப் போகிறோம். நிற்கும்போது இடது காலை ஊன்றுகிறோம். வலது கால் பின் பிரேக்கை மிதித்தபடி ஃபுட்ரெஸ்ட்டிலேயே இருக்கிறது. பெண்ட் பைப் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் இறங்கிப் பின்னால் போகிறது. இரண்டு நிமிட சிக்னலில் வலது கெண்டைக்கால் குழாய்க்கு நாலு விரல் தூரத்தில் அசையாமல் இருக்கிறது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, முன் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, வலது காலையும் தரையில் ஊன்றிச் சற்று முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். வலப்புறம் இடைவெளியில் இன்னொரு வண்டி நுழைகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யவேண்டும், அவ்வளவுதான். முழங்காலை டேங்கில் இறுக்கிக்கொள்வது ஓடும்போது நல்ல பழக்கம்; நின்ற வண்டியில் கொஞ்சம் அகட்டிக்கொண்டால் காற்று போக வழி கிடைக்கும்.

சிக்னலில் இன்ஜினை அணைக்கலாமா? விநாடிக் கணக்கு 30-க்கு மேல் இருந்தால் அணைப்பதே நல்லது. காற்றால் குளிரும் வண்டியில் யோசனையே வேண்டாம். லிக்விட் கூல்டு வண்டியில் ஒரு சின்ன விஷயம் உண்டு: இன்ஜின் நின்றால் கூலண்ட் பம்பும் நிற்கும், தேங்கிய சூடு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும். சில வண்டிகளில் சாவி ஆன் நிலையில் இருந்தால் ஃபேன் மட்டும் தொடர்ந்து சுற்றும், சிலவற்றில் சுற்றாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றும் ரகம் என்றால், அது சுற்றிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி முழுதாக அணைக்காமல் கில் ஸ்விட்சை மட்டும் தட்டுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். சில வண்டிகளில் சாவி ஆனில் இருக்கும்வரை முகப்பு விளக்கும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

ஹாஃப் கிளட்ச் விஷயத்தில் கறாராக இருங்கள். மாலை ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்கிறவர்களைப் பாருங்கள்: கிளட்சைப் பாதி பிடித்தபடியே, ஆக்சிலரேட்டரை முறுக்கி முறுக்கி, அடி அடியாக நகர்கிறார்கள். நம் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. உரசும் சூடு நேராக ஆயிலுக்குப் போகிறது, இன்ஜினுக்கும் போகிறது. முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழும்வரை பொறுத்து, கிளட்சை முழுதாக விட்டு ஒரே நகர்வாக நகர்ந்து, மறுபடி நிற்பதே வண்டிக்கும் கைக்கும் நல்லது. பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

கியரிலும் இரண்டு தப்பு நடக்கும். முதல் கியரிலேயே அலறவிடுவது ஒன்று. மைலேஜ் ஆசையில் நாலாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கவைப்பது இன்னொன்று. இரண்டாவது பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் இன்ஜின் திணறி 'கடகட' என்று தட்டத் தொடங்கினால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறுகிறது என்று பொருள். ஒரு கியர் குறையுங்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாநகரப் பேருந்தின் புகைக்குழாய்க்கு நேர் பின்னாலோ, லாரியின் இன்ஜினுக்குப் பக்கவாட்டிலோ நின்றால் உங்கள் வண்டியின் சூட்டோடு அதன் சூடும் இலவசம். ஆட்டோவுக்கு இன்ஜின் பின்னால்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கத்திரி வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், அதுவும் கீழிருந்து சுடும். சிக்னலுக்கு முன்னாலேயே மரநிழலிலோ மேம்பாலத்து நிழலிலோ நின்றுகொள்ளும் பழக்கத்தைச் சிலர் கேலி செய்வார்கள், ஆனால் அதில் ஞானம் இருக்கிறது. பின்னால் வருபவருக்கு வழி மறிக்காமல் நின்றால் போதும். 2024 கோடையில் புதுச்சேரியிலும் அடுத்துச் சென்னையிலும் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டதும் இதற்குத்தான்.

எதை உடுத்துவது

காலுக்கு முழுநீளப் பருத்தி ஜீன்ஸ், கணுக்காலை மூடும் ஷூ. இதற்கு மாற்று கிடையாது. வெயில் என்று அரைக்கால் சட்டையும் செருப்புமாகக் கிளம்புகிறவர்கள் வெளிக்காற்றைப் பார்க்கிறார்களே தவிர பெண்ட் பைப்பைப் பார்ப்பதில்லை. லெக்கிங்ஸ், டிராக் பேண்ட், நைலான் கலந்த எதுவும் சூடான குழாயில் பட்டால் உருகும். உருகியது தோலில் ஒட்டும். வெறும் தோலில் பட்ட சூட்டைவிட இது மோசம். மழைக்கோட்டின் கால்சட்டையும் அப்படித்தான். மழையில் சைலன்சர் குளிர்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள், ஒரு தொடுதலில் கோட்டில் ஓட்டையும் குரோமில் கறுப்புத் திட்டும் விழும். கணுக்காலில் ஒரு ரப்பர் பட்டை போட்டுச் சுருட்டிக்கொண்டால் பிழைக்கும். ஷூவின் அடிப்பாகம் மென்மையான ஃபோமாக இருந்தால் அதுவும் குழாயில் ஒட்டிக்கொண்டு வரும்.

மேல் உடம்புக்கு வருவோம். காற்றின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் வலைபோல ஓட்டைகள் கொண்ட மெஷ் ஜாக்கெட் அருமை. அதைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. நம் தோலின் சூடே 33 முதல் 35 டிகிரிதான். அதற்கு மேல் சூடான காற்று வேகமாக மோதினால் உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றுகிறது. வேர்வை ஆவியாவது ஒன்றுதான் அப்போது காப்பாற்றுகிறது, அதுவும் எதிர்க்காற்றில் சீக்கிரம் வற்றிவிடுகிறது. ஆகவே 40 டிகிரி வெயிலில் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிறவர் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிடுவது தவறான உத்தி. கையை மூடி, உள்ளே பருத்திப் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு, மேலே மூடிய ஜாக்கெட்டில் கொஞ்சம் மட்டும் காற்று நுழைய விட்டால் ஈரம் மெதுவாக ஆவியாகி நெடுநேரம் குளிர்ச்சி தரும். வேலூர், திருத்தணி, கரூர் போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். கடலோரத்தில் செய்யாது, சென்னையின் புழுக்கத்தில் நனைத்த பனியன் நனைந்தபடியே கிடந்து எரிச்சலைத்தான் கூட்டும். அங்கே மெஷ்தான் சரி.

பின்னால் அமர்கிறவர்களும் குழந்தைகளும்

சைலன்சர் வலப்புறம் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. சேலை கட்டியவர்கள் இடப்பக்கமாகக் கால் தொங்கவிட்டு அமர்கிறார்கள், அந்தப் பக்கம் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கத் தடுப்பும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு கட்டாயம் என்கிறது. அழகுக்காக அதைக் கழற்றி எறிகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஆனால் இருபக்கம் கால்போட்டு அமர்கிறவருக்கு வலது கணுக்கால் சைலன்சர் கவசத்தின் மேலேயே இருக்கிறது. கவசம் என்று நாம் சொல்வது ஒரு தகடுதான்; தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் இருக்கும் காற்று இடைவெளிதான் காப்பாற்றுகிறது. வண்டி விழுந்து தகடு அமுங்கிக் குழாயோடு ஒட்டிவிட்டாலோ, ஒரு ஸ்க்ரூ கழன்று தொங்கினாலோ அது கவசம் இல்லை. கவசத்தின் ரப்பர் வாஷர்கள் தொலைந்துபோயிருந்தால் பத்து ரூபாய்ச் சமாச்சாரம் என்று விடாதீர்கள்.

அதிகம் சுட்டுக்கொள்வது வண்டி ஓடும்போது இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பள்ளிக்கூட வாசலில் குழந்தையை வலப்பக்கமாக இறக்கிவிடுவதைப் பார்க்கிறோம். குட்டையான கால், அரைப்பாவாடை அல்லது டிரவுசர், நேராகக் கெண்டைக்கால் உயரத்தில் சைலன்சர். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடப்பக்கம்தான் என்பதை வீட்டில் ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய வண்டியைச் சுற்றி விளையாடும் குழந்தைகளுக்கும் இது ஆபத்து. 60 டிகிரி உலோகம் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், 70 டிகிரி என்றால் ஒரு விநாடியே போதும். சைலன்சரோ அணைத்துப் பல நிமிடங்கள் கழித்தும் அந்த அளவுக்குக் கீழே வருவதில்லை.

சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. ஐந்து நிமிடத்தில் எரிச்சல் அடங்கியதும் எடுத்துவிடுகிறோம், அது போதாது. உள்தோலில் தங்கிய சூடு இறங்க அவ்வளவு நேரம் ஆகும். வழியில் தண்ணீர் கிடைக்காமல் ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை. சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. ஐஸ் வைக்கக்கூடாது. பற்பசை, பேனா மை, மஞ்சள், நெய், காப்பித்தூள் எதுவும் கூடாது. இவையெல்லாம் சூட்டை உள்ளேயே அடைக்கின்றன, பிறகு மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலியும் இரட்டிப்பு. கொலுசு, இறுக்கமான சாக்ஸ் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான, ஒட்டாத துணியால் தளர்வாக மூடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், வெள்ளையாகவோ கருகியோ வலியே தெரியாத காயம், முட்டி கணுக்கால் மடிப்பில் பட்ட காயம், சிறு குழந்தைக்குப் பட்டது எதுவானாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். வலியில்லை என்பது நல்ல செய்தி இல்லை. நரம்பே வெந்துவிட்டது என்று அர்த்தம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் கேட்பார்கள்.

வண்டியின் பக்கம்

இதுவரை நமக்கு ஏறும் சூடு. இனி வண்டிக்கு ஏறும் சூட்டுக்கு வருவோம்: வண்டிக்கே சூடு அதிகமானால்?

ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்த வண்டி சூடாவதுதான் நான் கேள்விப்படும் காரணங்களில் அடிக்கடி வருவது, மிக எளிதில் தடுக்கக்கூடியதும் அதுதான். சின்ன இன்ஜினில் இருப்பதே ஒரு லிட்டரை ஒட்டித்தான். அதில் 300 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, சமதரையில், கையேட்டில் சொன்னபடி பார்க்கவேண்டும். தரமும் கையேட்டில் போட்டிருப்பதுதான். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு, வெயில் அதிகம் என்று கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லும் யோசனையை மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கார் ஆயிலும் வேண்டாம். உராய்வைக் குறைக்க அதில் சேர்க்கும் பொருட்கள் சில, நம் ஈரக் கிளட்சை நழுவவைக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபின்களுக்கு இடையில் அடைந்த மண்ணும் ஆயில் கசிந்து பிசுபிசுத்த தூசியும் போர்வையாக மூடிக்கொண்டு காற்றை உள்ளே விடாது. ரேடியேட்டரில் செத்த பூச்சிகள், சேறு. வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை ரேடியேட்டருக்கு நேராக அடிக்கவிடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். குழாய்த் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீர் அடிப்பதும் கூடாது. குரோம் நீலம் பாரிக்கும், சூடான உலோகம் திடீரென்று சுருங்கினால் கோணும். பெட்டிக்கடையில் டீ குடித்துவிட்டு வந்து கழுவச் சொல்லுங்கள்.

கூலண்ட் அளவை ரிசர்வ் டப்பாவில் பாருங்கள், ரேடியேட்டர் மூடியைத் திறந்து அல்ல. அழுத்தத்தில் இருப்பதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் மூடியைத் திருகினால் அழுத்தம் விடுபட்டு, கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி, அணைத்து, அரைமணி நேரமாவது விடுங்கள்.

காரணம் தெரியாமல் சூடேறும் வண்டிக்கு மெக்கானிக்கிடம் இவற்றையும் பார்க்கச் சொல்லலாம்: டாப்பெட் இடைவெளி இறுகிப்போயிருக்கிறதா, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை போகிறதா, பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா, செயின் விறைத்திருக்கிறதா. சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு தள்ளுக்குச் சில சுற்றாவது ஓடவேண்டும். பெண்ட் பைப் இருட்டில் செந்நிறமாகத் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். கலவையிலோ இக்னிஷனிலோ கோளாறு இருக்கிறது.

வாங்கிப் போடுபவை

பெண்ட் பைப்பில் சுற்றும் கண்ணாடியிழைப் பட்டைக்கு இப்போது மவுசு அதிகம். கதிர்ச்சூட்டை அது குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சாதா இரும்புக் குழாயை உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். நம் மழைக்காலத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். காலுக்கும் குழாய்க்கும் நடுவே, குழாயைத் தொடாமல் நிற்கும் ஒரு நல்ல தகடு அதைவிட மேல். பெரிய லெக் கார்டில் பாட்டில், பை, பிளாஸ்டிக் ஷீட் என்று கட்டித் தொங்கவிடுகிறவர்கள் இன்ஜினுக்குப் போகும் காற்றையே மறிக்கிறார்கள். காசு செலவில்லாமல் அதைக் கழற்றினாலே வித்தியாசம் தெரியும்.

சத்தம் போடும் வெளிச் சைலன்சர் மாட்டினால் சூடு குறையும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கன்வெர்ட்டரை எடுத்துவிடுவதால் அந்த இடத்தில் கொஞ்சம் குறையலாம். கலவை கெட்டு இன்ஜினில் கூடவும் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி இப்படி வண்டியை மாற்றுவதே தப்பு. தெருவில் தூங்கும் கைக்குழந்தைகள் சார்பாகவும் இதை எதிர்க்கிறேன்.

சூட்டோடு புகையையும் கவனியுங்கள். சிலிண்டரும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் இருக்கும் பேக்கிங் தேய்ந்தால் சூடான வாயு அங்கேயே பீச்சும். 'டப் டப்' என்ற சத்தமும் கறுப்புக் கரியும் காட்டிக்கொடுக்கும். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் மணமும் கிடையாது. காலையில் வண்டியைச் சூடேற்ற, மூடிய ஷெட்டிலோ வீட்டு நடையிலோ ஓடவிடுவது உயிருக்கே உலை வைக்கும். வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

உடம்பு தரும் எச்சரிக்கை

நெடுந்தூரப் பயணத்தில் இன்ஜினுக்கு முன்னால் கைவிடுவது நாம்தான். வேர்வை எதிர்க்காற்றில் உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்று தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அரை லிட்டரை ஒட்டிக் குடியுங்கள். மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். எல்லாம் நல்லது. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கியர் மாற்ற மறப்பது, எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தப்பாகக் கணிப்பது, இவை தொடங்கினால் அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று நினைக்காமல் கண்ட நிழலில் நிறுத்துங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ அது வெப்ப வாதம். 108-ஐ அழைத்துவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மே மாதத்தில் நீண்ட தூரம் என்றால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி பத்து மணிக்குள் ஓர் இடம் சேர்ந்து, மீதியை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்வது பழைய லாரி ஓட்டுநர்களின் கணக்கு. அதையே நானும் சொல்வேன்.

வண்டியை நிறுத்தும்போது சைலன்சர் பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும், சிறுபிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். காய்ந்த புல், சருகு, வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் கன்வெர்ட்டர் பற்றவைத்துவிடும். உறை போடுவதாக இருந்தால் அரைமணி நேரம் கழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த உறையின் ஒரு பகுதி நிரந்தரமாகச் சைலன்சரோடு தங்கிவிடும்.